பக்கத்தில் இருப்பவருக்கான பொத்தான்

புதுப் போன் வாங்கியவர் கடைப்படி இறங்குவதற்குள் அதற்கு ஒரு கவர் மாட்டிவிடுகிறார். கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி, முதுகுக்கு ஒரு ரப்பர், நான்கு மூலைகளிலும் தடித்த புடைப்பு. சென்னை ரிட்சி தெருவிலும் சரி, ஏதோ ஓர் ஊரின் பேருந்து நிலையத்து வாசலிலும் சரி, கம்பியில் வரிசையாகத் தொங்கும் கவர்களில் ஒன்றை உருவி, கடைப்பையன் மேசையில் ஓங்கித் தட்டிக் காட்டுகிறான்: “மாடியிலேருந்து போட்டாலும் ஒண்ணும் ஆவாதுண்ணே.” வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்விகள். கேமராவை மறைக்கிறதா, சார்ஜர் ஒயர் நுழைகிறதா. பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பவர் குறைவு. அப்படியே பார்த்தாலும் திரையைத் திறக்கும் பொத்தானோடு நிறுத்திக்கொள்வார். சத்தத்தை அடக்க முடிகிறதா என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்ட கேள்விக்கு ஒருநாள் இழவு வீட்டில் விடை கிடைக்கும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுது ஓய்ந்திருக்கிறார்கள். மாலையோடு வந்தவர் கால்மாட்டில் நின்று கும்பிடுகிறார். அவர் சட்டைப்பையிலிருந்து குத்துப்பாட்டு கிளம்புகிறது. பொதுவாக ஒலியளவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே வந்துகொண்டிருக்கும் அழைப்பின் சத்தம் அடங்கிவிடும். இது அவருக்கும் தெரியும். பைக்கு மேலாகவே விரலால் தேடுகிறார். எது பொத்தான், எது கவரின் அலங்காரப் புடைப்பு என்று தெரியவில்லை. அழுத்துகிறார், ரப்பர் அமுங்குகிறது, பொத்தான் அமுங்கவில்லை. பாட்டு சரணத்துக்குப் போய்விடுகிறது. கடைசியில் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடுகிறார். எடுக்காத அழைப்பு கைப்பேசியில் 30 நொடி ஒலிக்கலாம் என்று 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரையறுத்தது. தரைவழித் தொலைபேசிக்கு 60 நொடி. 30 நொடி எவ்வளவு நீளம் என்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கைப்பேசியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். திரை, அதை வைத்திருப்பவருக்கு. கேமராவும் அவருக்கு. ஒலிபெருக்கி, பேட்டரி, கைரேகையைப் படிக்கும் கண் எல்லாமே அவர் வசதிக்காக வந்தவை. ஒலியடக்கும் பொத்தான் ஒன்றுதான் அந்தப் போன் கையில் இல்லாத ஒருவருக்காகச் செய்யப்பட்டது. பக்கத்து இருக்கையில் கண்ணயர்ந்தவருக்கு, மேடையில் ஆலாபனையின் உச்சியில் நிற்கும் பாடகருக்கு, நீதிபதியின் முன் வாதாடிக்கொண்டிருக்கும் வழக்கறிஞருக்கு, மயக்கம் தெளியாத நோயாளிக்கு. கவரோ போனுக்காகவே செய்யப்பட்டது; அதற்கு மனிதர்களைப் பற்றிய கவலை கிடையாது. ஆகவே கவர் அந்தப் பொத்தானை மறைக்கும்போது பொருளின் நலமும் அடுத்தவரின் அமைதியும் நேருக்கு நேர் மோதுகின்றன. தீர்ப்பு பொருளின் பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதியது நாம் என்பதே நமக்குத் தெரியாது.

2007இல் வந்த முதல் ஐபோனிலேயே இடப்பக்க விளிம்பில், ஒலியளவுப் பொத்தான்களுக்கு மேலே, சின்னதாக ஒரு விசை இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் ஒலி. மறுபக்கம் தள்ளினால் மௌனம். பின்னர் வந்த ஐபோன்களில் மௌனத்தில் இருக்கும்போது விசையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் தெரியும். நிறத்தைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. பையில் கையை விட்டு விரல்நுனியால் தடவினால் போதும், போன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அழுத்தும் பொத்தானின் மேல் கவரை மூடி வார்க்கலாம். தள்ளும் விசையின் மேல் அப்படி வார்க்க முடியாது. அதனால் கவர் செய்பவர்கள் அந்த இடத்தில் ஒரு துளை விட்டார்கள். மெல்லிய கவரில் துளை ஆழமில்லாமல் இருந்தது. போன் விழும், உடையும் என்ற பயம் வளர வளரக் கவரும் தடித்தது. துளை ஆழமானது. விரல் உள்ளே போகவில்லை. நகம் வளர்த்தவர்களுக்கு மட்டும் மௌனம் வாய்த்தது. மற்றவர்கள் பேனா முனையையும் சாவி நுனியையும் தேடினார்கள்.

இந்தத் துளை எவ்வளவு நுட்பமான விவகாரம் என்பதற்கு ஐபோன் 4 ஒரு சாட்சி. 2010இல் அது வெளிவந்தபோது, விளிம்பில் கை பட்டால் சிக்னல் குறைகிறது என்ற புகார் எழுந்தது. அந்த ஜூலையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, வாங்கியவர்களுக்கு விளிம்புக் கவரை இலவசமாகத் தருவதாக அறிவித்தார். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக அதே போனின் இன்னொரு வடிவம் வந்தது. ஆன்டெனாவின் அமைப்பை மாற்றியதில் மௌன விசை சற்றே கீழே நகர்ந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே போன். ஆனால் பழைய கவர்களைப் புதிய போனுக்கு மாட்டியபோது விசை கவரின் சுவருக்குப் பின்னால் மறைந்தது. நம் ஊர்க் கடைகளில் இது தினசரி நடப்பு. ஒரு மாடலுக்கு வார்த்த கவரை அதையொத்த இன்னொரு மாடலுக்கு, “இதுவும் அதுவும் ஒரே சைஸுண்ணே” என்று மாட்டிவிடுவார்கள். அளவு ஒன்றாக இருக்கலாம். பொத்தான் இருக்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆண்ட்ராய்டு போன்களின் கதை வேறு மாதிரி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மௌன விசை கிடையாது. 2015இல் ஒன்பிளஸ் 2 மூன்று நிலைகள் கொண்ட தள்ளுவிசையோடு வந்தது, அது விதிவிலக்கு. மற்றவற்றில் ஒலியளவுப் பொத்தானே எல்லாவற்றுக்கும். டிபியு என்னும் நெகிழும் பிளாஸ்டிக்கில் வார்த்த கவரில் பொத்தானுக்கு நேராக ஒரு மேடு இருக்கும். மேட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் மெலிந்திருந்தால் அழுத்தம் உள்ளே போய்ச் சேரும். தடித்திருந்தால் அழுத்தம் கவர் முழுக்கப் பரவி வீணாகும். பொத்தானின் ‘டிக்’ விரலுக்கு எட்டாது. கவர் இறுகலாக இருந்தால் இன்னொரு கூத்து. பொத்தான் எந்நேரமும் அழுந்தியே இருக்கும். ஒலியளவு தானாக ஏறும், இறங்கும், போன் தானாக அணைந்து எழும். பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே இருப்பவர் முதலில் செய்வது கவரைக் கழற்றுவது. பாதி நோய் அப்போதே தீர்ந்துவிடும்.

இந்தக் கவர்களின் அட்டையில் அமெரிக்க ராணுவத் தரம் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். மில்-எஸ்டிடி-810 என்ற அந்தத் தரத்தின் விழுதல் சோதனையில், பொருளைச் சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுகிறார்கள். பெட்டி வடிவத்துக்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8. ஒவ்வொன்றின் மேலும் ஒருமுறை. பொருளுக்கு நேரக்கூடிய எல்லாக் கோணத்து விபத்தும் கணக்கில் வந்துவிட்டது. மாட்டிய பிறகு அந்தப் பொருளை மனிதர்கள் நடுவே பயன்படுத்த முடிகிறதா என்பது இந்தச் சோதனையின் கவலையே இல்லை. ராணுவத்தைக் குறை சொல்ல மாட்டேன். இழவு வீட்டுக்கென்று அவர்கள் அதை எழுதவில்லை.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 புரோவில் அந்தத் தள்ளுவிசை மறைந்து, ‘ஆக்‌ஷன் பட்டன்’ வந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 16 வரிசைக்கும் அதுவே. கவர் செய்பவர்களுக்கு நிம்மதி. இனித் துளை வேண்டாம், மேலே மூடி வார்த்துவிடலாம். ஆனால் ஒன்று கைவிட்டுப் போயிற்று. பழைய விசை தன் நிலையைத் தானே சொல்லும். புதிய பொத்தான் சொல்லாது. அழுத்திப் பிடித்தால் ஓர் அதிர்வு வரும், அவ்வளவுதான். இப்போது மௌனத்தில் இருக்கிறோமா இல்லையா என்று அறியத் திரையைப் பார்த்தாக வேண்டும். தொடுகையில் இருந்த அறிவு கண்ணுக்கு இடம் மாறிவிட்டது. கவரால் பொத்தான் செயலிழந்த ஆண்ட்ராய்டுக்காரர் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருந்தார். மேலிருந்து திரையை இழுத்து, ஒலிச் சின்னத்தைத் தொட்டு, அதிர்வுக்கும் பிறகு மௌனத்துக்கும் மாற்ற வேண்டும். அதாவது போனை உறங்கவைக்க முதலில் அதை எழுப்ப வேண்டும். இருட்டிய அரங்கில் சத்தத்தை நிறுத்தப் போகிறவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது. பின்வரிசைக்காரரின் காதை விட்ட தொல்லை அவர் கண்ணுக்கு வருகிறது. எழுப்பிய கையோடு வாட்ஸ்அப்பில் எத்தனை செய்தி என்று ஒரு பார்வை. அதில் ஒன்றுக்குப் பதில். பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியிருக்கும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. அவற்றில் சில யாருக்காகச் செய்யப்பட்டவை என்று பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது. ஐபோனில் 2011 முதல் ‘அசிஸ்டிவ் டச்’ என்ற வசதி உண்டு. திரையில் ஒரு சாம்பல் வட்டம் மிதக்கும். அதைத் தொட்டால் பொத்தான்கள் செய்யும் வேலைகளைத் திரையிலேயே செய்யலாம், ஒலியடக்குவது உட்பட. விரல்களால் பொத்தானை அழுத்த இயலாதவர்களுக்காக வந்தது அது. 2020இல் ஐஓஎஸ் 14 கொண்டுவந்த ‘பேக் டேப்’பும் அணுகல் வசதிகளின் பட்டியலில்தான் இருக்கிறது. போனின் முதுகில் இரண்டு முறையோ மூன்று முறையோ தட்டினால் நாம் சொல்லிவைத்த வேலையைச் செய்யும். அந்த வேலை மௌனமாகவும் இருக்கலாம். அசைவை உணரும் கருவியை நம்பி இயங்குவதால் பெரும்பாலான கவர்களுக்கு மேலாகவும் அது வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டின் அணுகல் மெனுவிலும் ஒலியளவைத் திரையிலேயே மாற்றலாம். கையில் குறையில்லாத நாம், காசு கொடுத்துக் கவர் வாங்கி, நம் விரலுக்கு நாமே ஒரு குறையை உண்டாக்கிக்கொண்டு, கை இயங்காதவர்களுக்காக யாரோ யோசித்து வைத்த வழியில் நுழைந்து தப்பிக்கிறோம். தங்களுக்கான வசதி எல்லோருக்குமான வசதி என்று மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இங்கே வெட்டவெளிச்சம்.

இன்னொரு வழி கவிழ்த்து வைப்பது. 2018இல் கூகுளின் பிக்சல் 3 இதைக் கொண்டுவந்தது; மேசையில் முகம் கீழாக வைத்தால் போன் தொந்தரவு செய்யாத நிலைக்குப் போய்விடும். சாம்சங்கில் அழைப்போ அலாரமோ ஒலிக்கும்போது போனைக் கவிழ்த்தாலோ திரையை உள்ளங்கையால் மூடினாலோ சத்தம் அடங்கும்படி அமைக்கலாம். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். பொத்தான் எதுவும் தேவையில்லை, கவர் எவ்வளவு தடித்தாலும் கவலையில்லை. தவிர, எதிரே இருப்பவர் அதைப் பார்க்கிறார். ‘இனி நீங்கள் பேசுங்கள்’ என்று வாயால் சொல்லாமலே சொன்னதாகிறது. பொத்தான் ரகசியமாகச் செய்த மரியாதையைக் கவிழ்த்தல் பகிரங்கமாகச் செய்கிறது. ஆனால் சட்டைப்பைக்குள் இருக்கும் போனை எங்கே கவிழ்ப்பது?

பொத்தான் இருந்தும், அது வேலை செய்தும், மௌனம் தோற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2012 ஜனவரி 10 அன்று நியூயார்க்கின் ஏவரி ஃபிஷர் அரங்கில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. அந்தப் படைப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து முடிவது. கடைசிப் பக்கங்களில் முன்வரிசையிலிருந்து ஐபோனின் மரிம்பா ஒலி எழுந்தது, நிற்காமல் தொடர்ந்தது. நடத்துநர் ஆலன் கில்பர்ட் இசையை நிறுத்திவிட்டார். அரங்கம் அந்த மனிதரை நோக்கிக் கத்தியது. பின்னால் தெரிந்தது என்னவென்றால், அவருடைய நிறுவனம் முந்தைய நாள்தான் அவருக்கு அந்தப் புதிய போனைக் கொடுத்திருந்தது. அவர் அதை மௌனத்தில்தான் வைத்திருந்தார். ஒலித்தது அலாரம், ஐபோனின் மௌன விசை அலாரத்தைக் கட்டுப்படுத்தாது. தன் போன்தான் என்று அவருக்கு முதலில் உறைக்கவே இல்லை. அவர் கில்பர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டார்.

போனைச் செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு மௌனத்தில் போட்டுத் தூங்குகிறவரை எழுப்பாமல் விட்டால் அவர் போனைத்தான் திட்டுவார். வைத்திருப்பவரின் தேவையா, அருகிலிருப்பவரின் தேவையா என்ற கேள்வி வந்தபோது, செய்தவர்கள் வைத்திருப்பவரின் பக்கம் நின்றார்கள். கவர் செய்பவரும் அதைத்தான் செய்கிறார். பேரிடர் எச்சரிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2023இல் இந்தியாவில் சோதனைக்காக அனுப்பப்பட்ட அவசரச் செய்தி, மௌனத்தில் இருந்த போன்களையும் அலறவைத்தது. வெள்ளமோ புயலோ வந்தால் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் நடந்த சோதனைக்கு முன்னால், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக இயங்கும் ரெஃப்யூஜ் என்ற அமைப்பு ஒரு வேண்டுகோள் விடுத்தது. ரகசியமாக இரண்டாவது போன் வைத்திருக்கும் பெண்கள் அந்த எச்சரிக்கையை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும் என்றது. ஒளித்துவைத்த போன் சத்தமிட்டால் அடிப்பவனுக்கு அது தெரிந்துவிடும். அவர்களுக்கு மௌனம் என்பது உயிர்க்காப்பு. அப்படி ஒருவர் கையில் இருக்கும் போனில் பொத்தான் அழுந்தவில்லை என்றால், அதைச் சின்ன அசௌகரியம் என்று சொல்லிவிட முடியாது.

மௌனம் எப்போதும் அடுத்தவருக்கு நல்லது என்றும் இல்லை. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கப்படும் போன்களில் கேமராவின் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். கொரியாவில் அதற்கான தொழில்தரம் 2004இல் வந்தது. பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் படமெடுப்பதைத் தடுக்கத்தான் அந்தச் சத்தம். அங்கும் அளவுகோல் ஒன்றே: போனை வைத்திருக்காதவரின் நலம். அதிர்வு நிலையும் அந்தக் கணக்கில் வருவதுதான். ஊரின் காதை விட்டுவிட்டுத் தொல்லையை உடையவரின் தொடைக்கு மாற்றுகிறது. உடையவர் அதற்கு விலையும் கொடுக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றின் ஊழியர்கள் 169 பேரிடம் நடத்தி 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வில், 68 சதவீதத்தினர் அதிராத கருவி அதிர்ந்ததாக உணர்ந்ததைச் சொல்லியிருந்தார்கள்.

தனிமனிதர்களால் முடியாதபோது நிறுவனங்கள் குறுக்கே வருகின்றன. சபா கச்சேரிக்கு முன்னால் அறிவிப்பு, நீதிமன்ற வாசலில் பலகை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை விதிக்க அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர்க் கோயிலில் படமெடுப்பது பற்றிய வழக்கில் தொடங்கியது அது. சத்தம் அங்கே முதல் குற்றவாளி இல்லை. என்றாலும் முடிவு ஒன்றுதான். சன்னதியில் எப்படி நடந்துகொள்வது என்பதை உடையவர் கையில் விட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை, போனையே வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். பொத்தான் இருக்கும்வரை மரியாதை நம் கையில் இருக்கிறது. அது போனால் மரியாதையைப் பாதுகாப்புப் பெட்டக டோக்கன் பார்த்துக்கொள்ளும்.

கவரே வேண்டாம் என்று சொல்பவர் கடைசித் தவணை கட்டி முடிக்காத போனைக் கீழே போட்டுப் பார்க்காதவராக இருக்க வேண்டும். திரையை மாற்றும் செலவு சிலருக்குப் பாதி மாதச் சம்பளம். வண்டியில் போனை மாட்டிக்கொண்டு உணவு கொண்டுபோகிறவருக்கு அந்தப் போன் தொழிற்கருவி; அவருக்குத் தடித்த கவரும் வேண்டும், உரத்த மணியும் வேண்டும். ஆகவே என் வழக்கு கவரின் மேல் இல்லை. நூறு, இருநூறு ரூபாய்க் கவரிலும் பொத்தானுக்கு நேரே பிளாஸ்டிக்கை மெலிதாக்க முடியும், துளையைச் சரியான இடத்தில் அகலமாக வெட்ட முடியும். வாங்குபவர் கேட்காததால் செய்பவர் செய்வதில்லை.

அதனால் கேளுங்கள். அடுத்த முறை கவர் வாங்கும்போது அதைப் போனுக்கு மாட்டி, போனைப் பையில் போட்டு, பார்க்காமல் கையை விட்டுச் சத்தத்தை அடக்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் கவரைக் கழற்ற மனமில்லை என்றால், கவிழ்த்தால் அடங்குவதையோ முதுகில் தட்டினால் அடங்குவதையோ இன்று இரவே அமைத்து வையுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்கள் போனிலும் செய்து, கையைப் பிடித்து ஒருமுறை பழக்கிவிடுங்கள். கச்சேரிக்கோ நீதிமன்றத்துக்கோ போவதற்கு முன்னால் அலாரத்தையும் ஒருமுறை பாருங்கள். கடையில் நின்று அழுத்தியபோது விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை என்றால், அந்தக் கவர் எத்தனை மாடியிலிருந்து விழுந்தாலும் போனைக் காப்பாற்றட்டும், வாங்காதீர்கள்.